கடல்கோள் என்னும் சாக்கு

தமிழாசிரியர்களாகிய நாம் வகுப்பறையில் சலிக்காமல் சொல்லிவரும் செய்தி ஒன்று உண்டு. முதற்சங்கமும் இடைச்சங்கமும் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது. அவற்றோடு அளவிறந்த நூல்களும் அழிந்தன என்பது அச்செய்தி. இறையனார் அகப்பொருள் உரை தொட்டு வழங்கிவரும் இதனை வரலாறு என்பாரும் உளர். புனைவு என்பாரும் உளர். அவ்வழக்கிற்குள் நான் புகவில்லை. அந்தக் கதையை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதே என் கேள்வி. எது தொலைந்தாலும் ‘கடல் கொண்டது’ என்று கூறிக் கையைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. குற்றவாளி கடல். அதனைக் கூண்டில் நிறுத்துவார் இல்லை. ஆகவே வழக்கும் இல்லை.

ஆயினும் நமக்குத் தெரிந்த காலத்தில் நடந்தது வேறு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தபோது, பழுதுற்ற சுவடிகளைச் சிலர் ஆடிப் பதினெட்டில் ஆற்றுப் பெருக்கில் விட்டதையும், வேறு சிலர் நெருப்பில் இட்டதையும் கேட்டு நெஞ்சு பதறியிருக்கிறார். அதைத் தம் வாழ்க்கை வரலாற்றிலும் எழுதிவைத்தார். தண்ணீர் அங்கே ஏட்டைத் தேடி வரவில்லை. நாமே சுமந்து சென்று கொடுத்தோம். கடல் கொண்டதற்குச் சான்று தேட வேண்டியிருக்கிறது. ஆறு கொண்டதற்குக் கண்ட சான்றே இருக்கிறது.

பழங்கதை பேசுவது என் நோக்கமன்று. பினாங்கில் நம் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்ல வந்தேன்.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. பிற்பகலில் பிடித்த மழை இரவு முழுதும் விடவில்லை. காற்று முதிய மரங்களை வேரோடு சாய்த்தது. பொழுது புலர்வதற்குள் ஜார்ஜ் டவுனின் தாழ்ந்த பகுதிகளும், எதிர்க்கரையில் செபராங் பிறையின் பெரும்பரப்பும் நீருக்குள் கிடந்தன. கடல் ஏற்றத்தில் இருந்தமையால் ஆறுகள் வடியவும் வழியில்லை. மாநில முதலமைச்சர் லிம் குவான் எங் விடியுமுன்பே இராணுவத்தின் உதவியைக் கேட்டார். எழுவர் மாண்டனர். ஆயிரக்கணக்கானோர் தற்காலிக முகாம்களில் தங்கினர். அதே நாளில் தென்சீனக் கடலுக்கு அப்பால் டாம்ரே என்னும் சூறாவளி வியட்நாம் கரையைத் தாக்கியிருந்தது.

மறுநாள் முதல் எல்லார் வாயிலும் ஒரே சொல்: ‘இயற்கைச் சீற்றம்’. மேடையில் அதுவே, கடைத்தெருவிலும் அதுவே. கடல்கோள் என்பதன் இக்காலப் பெயர் அது. ஆனால் அந்தச் செப்டம்பர் மாதத்திலேயே ஒரு பெருவெள்ளம் வந்து எச்சரித்துப் போயிருந்தது. அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளம் ஒன்றில் மண்சரிந்து பதினொரு தொழிலாளர்கள் புதையுண்டு இறந்தனர். மலையை வெட்டுவது இயற்கையா? வடிகாலின் மட்டத்திற்கே வீட்டின் தரையைக் கட்டுவது இயற்கையா? பினாங்கு ஆற்றின் வெள்ளத் தடுப்புப் பணி ஆண்டுக்கணக்கில் முடியாமல் நீள, மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தது எந்த இயற்கையின் சீற்றம்?

‘சூறாவளி நமக்கு வராது, நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம்’ என்று புவியியல் பாடத்தில் படித்ததை இன்றும் மந்திரம்போல் சொல்வார் உளர். நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் புவிச்சுழற்சியால் காற்றுக்கு ஏற்படும் திருப்பம் குறைவு; ஆதலால் சூறாவளி உருவாதல் அரிது. பாடம் சரியே. ஆனால் ‘அரிது’ என்பதை ‘இல்லை’ என்று படித்தது நம் பிழை. 1996 டிசம்பரில் கிரெக் என்னும் புயல் சபாவில் இருநூறுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2001 டிசம்பரில் வாமேய் நடுக்கோட்டிற்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைவான தொலைவில் உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே, நம் கடற்கரையில் நின்றால் கண்ணில் படும் அந்நீரிலேயே, சென்யார் தோன்றிச் சுமத்ராவைச் சூறையாடியது. காற்றும் மழையும் இல்லாமலே 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து பினாங்கில் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனதை மறந்தவர்களுக்கு எதை நினைவூட்டி என்ன பயன்?

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள், தமிழர் இயக்கம் ஒன்றின் கட்டடத்தைத் தூய்மை செய்யச் சென்றவர்களுள் நானும் ஒருவன். இயக்கத்தின் பெயர் வேண்டா. அது எந்த இயக்கமாகவும் இருக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. கீழ்த்தளத்தில் கணுக்கால் அளவுக்குச் சேறு. சுவரில் இடுப்புக்கு மேலே தண்ணீர் நின்ற கோடு. மூலையில் பெரிய இரும்பு அலமாரி. துருப்பிடித்து இறுகிய கதவைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம்.

மேல்தட்டுகள் இரண்டும் உலர்ந்தே இருந்தன. அவற்றில் சுழற்கிண்ணங்கள், கேடயங்கள், நினைவுப் பரிசுகள், நெகிழிப் பையில் மடித்த பொன்னாடைகள். ஒரு துளி நீரும் படவில்லை. கீழ்த்தட்டுகளில் இருந்தவை: பழைய கூட்டக் குறிப்பேடுகள், இயக்கம் முன்னாளில் நடத்தி நின்றுபோன இரவுப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, உறுப்பினர் பட்டியல்கள், ஒரு கையெழுத்து இதழின் சில மலர்கள், பழைய புகைப்படங்கள் நிறைந்த தகரப்பெட்டி. எல்லாம் ஊறி ஒரே கட்டியாகிக் கிடந்தன. பேனா மையால் எழுதியவை நீலக் கறையாய்ப் படர்ந்திருந்தன. பென்சிலால் எழுதியிருந்த சில பக்கங்கள்தாம் படிக்கும்படி இருந்தன. புகைப்படங்களைப் பிரித்தபோது ஒன்றன் முகம் மற்றொன்றின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த அலமாரியை அடுக்கியது புயலா? எது மேலே இருக்க வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்பதை எந்த மழை முடிவு செய்தது? யாரோ ஒருவர், நம்மில் ஒருவர், விருந்தினர் கண்ணில் படவேண்டும் என்று கிண்ணத்தை மேலே வைத்தார். யாரும் கேட்கமாட்டார் என்று பதிவேட்டைக் கீழே தள்ளினார். வெள்ளம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பதிவேடு மூழ்கிவிட்டது.

அதன்பின் நாங்கள் செய்ததும் பிழையே. நல்லெண்ணத்தோடு அத்தனையையும் முற்றத்தில் வெயிலில் பரப்பினோம். பின்னரே கற்றுக்கொண்டேன்: நனைந்த தாளைக் கடும் வெயிலில் காயவைத்தால் சுருண்டு முறுகும்; வழவழப்புத் தாளில் அச்சான பக்கங்கள் காய்ந்தால் கல்லாக ஒட்டிவிடும். நம் நாட்டுப் புழுக்கத்தில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். உடனடியாக எல்லாவற்றையும் உலர்த்த இயலாவிடில் தூய நீரில் மெல்ல அலசி, மெழுகுத்தாள் சுற்றி, உறைபெட்டியில் வைத்துவிட வேண்டும். உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. பின்னர்ச் சிறிது சிறிதாக எடுத்து நிழலில், காற்றோட்டத்தில், உறிஞ்சுதாள் இடையிட்டு உலர்த்தலாம். பினாங்கில் மீன் வியாபாரிகளிடம் இல்லாத உறைபெட்டியா? ஒருவரைக் கேட்டிருந்தால் ஒரு மூலையைக் கொடுத்திருப்பார். எங்களுக்கு அது தெரியவில்லை. தமிழ் இலக்கணத்தில் ஒற்று மிகும் இடத்தை எல்லாம் அறிந்த ஆறு பேர் அங்கே நின்றோம். நனைந்த தாளை எப்படிக் கையாள்வது என்று அறிந்தவர் ஒருவரும் இல்லை.

‘மக்கள் மெத்தையும் அடுப்பும் இழந்து நிற்கையில் காகிதத்திற்கு அழுகிறாயே’ என்று அன்று ஒருவர் என்னைக் கடிந்தார். நியாயமான கேள்வி, விடை சொல்ல வேண்டும். மெத்தையை மீண்டும் வாங்கலாம் என்று எளிதாகச் சொல்லிவிட மாட்டேன். வறியவனுக்கு மெத்தையும் எளிதன்று. ஆயினும் இந்நாட்டுத் தமிழனுக்குக் காகிதம் என்பது என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். குடியுரிமைச் சான்று இல்லாதார் வேலை செய்ய அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் அறுபதுகளின் இறுதியில் வந்தபோது, இங்கேயே உழைத்து உரமான பல்லாயிரவர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அவர்களிடம் உழைப்பு இருந்தது, பிள்ளைகள் இருந்தனர், காகிதம் இல்லை. இன்றும் பிறப்புப் பத்திரம் இல்லாமையால் சிவப்பு அடையாள அட்டையோடோ, எந்த அட்டையும் இன்றியோ வாழ்வோர் நம்மிடையே உள்ளனர். ‘நீ இங்கே பிறந்தாய், இங்கே வளர்ந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று அதிகாரி கேட்கும்போது, துணைச் சான்றாக நீட்டத்தக்கவை எவை? தோட்டத்துப் பேரேடு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் திருமணப் பதிவு. நாங்கள் முற்றத்தில் காயவைத்தது அந்த வகைத் தாளைத்தான்.

அன்று மாலை ஒரு மூதாட்டி வந்தார். தம் தம்பி அந்த இரவுப்பள்ளியில் படித்தவர் என்றும், பெயர் இருக்கும் பக்கத்தைப் படியெடுத்துத் தர இயலுமா என்றும் கேட்டார். தம்பிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இன்னும் மனுப்போட்டுக்கொண்டிருக்கிறார். “ஐயா, ரெண்டு வருசத்துக்கு முன்னயே கேட்டேன், அலமாரி சாவி இல்லேன்னாங்க” என்றார். சாவி இல்லை! அதையும் கடல் கொண்டதா?

இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் உரியதன்று என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. உண்மைதான். ஆனால் பிற இடங்களில் என்ன நடந்தது என்பதையும் முழுதாகப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில், மெக்சிகோ வளைகுடாவின் கரையோரம், கால்வெஸ்டன் என்னும் தீவு நகரம் இருக்கிறது. பினாங்கைப் போலவே பழைய துறைமுகம், பழைய வீதிகள். 1900 செப்டம்பரில் ஒரே இரவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் புயலுக்குப் பறிகொடுத்த ஊர். அங்கே விமான நிலையத்தை ஒட்டி ‘லோன் ஸ்டார்’ விமான அருங்காட்சியகம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் பறந்த பழைய விமானங்களைச் செப்பனிட்டு, பறக்கும் நிலையிலேயே காத்து வந்தார்கள். 2008 செப்டம்பர் 13இல் ‘ஐக்’ சூறாவளி வந்தது. முன்னறிவிப்புக் கேட்டதும் பறக்கக்கூடிய விமானங்களை உள்நாட்டுக்குப் பறக்கவிட்டுவிட்டனர். பறக்கும் நிலையில் இல்லாதவை கொட்டகையிலேயே நின்றன. ஆளை மூழ்கடிக்கும் உப்புநீர் உள்ளே புகுந்தது. விண்ணில் போரிட்ட இயந்திரங்கள் சேற்றில் மிதந்து ஒன்றோடொன்று மோதின.

இதில் இரண்டு செய்திகள் என் நெஞ்சைத் தைக்கின்றன. ஒன்று, பறக்கத் தெரிந்தவை தப்பின, தெரியாதவை மூழ்கின. மனிதர்க்கும் அதுவே நடந்தது. வசதியுள்ளோர் வேற்றூர் சென்று மீண்டும் வந்து வீடு கட்டினர். ஏழைகள் வாழ்ந்த அரசுக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அவற்றைத் திரும்பக் கட்டலாமா, கூடாதா என்னும் பூசல் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 57,000 பேர் இருந்த ஊரில் 2010இல் 48,000 பேருக்கும் குறைவாகவே இருந்தனர். இரண்டாவது, அந்த அருங்காட்சியகத்தார் ‘இயற்கைச் சீற்றம்’ என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லை. 2017இல் தீவை விட்டு ஹூஸ்டனில் எலிங்டன் விமானத்தளத்திற்குக் குடிபெயர்ந்தனர். தீவு மக்களுக்கு அது இழப்பே. சேகரத்தோடு அவர்களின் பெருமையும் ஊரை விட்டுப் போயிற்று. அந்த முடிவு சரியா என்று வாதிடலாம். ஆனால் வெள்ளம் கற்பித்த பாடத்தைக் கேட்டார்கள் என்பதை மறுக்க இயலாது. நம் பதிவேடுகளுக்குச் சிறகு இல்லை. ஒரு மாடி ஏறுவதற்குக்கூட அவற்றுக்கு நம் கை வேண்டும்.

இன்னொரு நவம்பர் 4ஐயும் நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1966ஆம் ஆண்டு அதே நாளில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு கரை உடைத்தது. தேசிய நூலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் ஏடுகளும் சேற்றில் புதைந்தன. அவர்களும் கீழேதான் வைத்திருந்தனர். அறிவுடையோர்க்கும் அந்தப் பிழை நேர்ந்தது. ஆனால் அடுத்த நாட்களில் மாணவர்கள் வந்தனர். உள்ளூரிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும், யாரும் அழைக்காமல். நிலவறைப் படிகளில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி, சேறு சொட்டும் நூல்களை மேலே ஏற்றினர். அவர்களை ‘சேற்றுத் தேவதைகள்’ என்று அந்நகரம் இன்றும் நினைவுகூர்கிறது. நனைந்த நூலைக் காக்கும் கலை புதிதாக வளர்ந்தது அந்தச் சேற்றிலிருந்துதான். நம் முற்றத்திற்கு எத்தனை மாணவர்கள் வந்தார்கள்? அவர்களைக் குறைசொல்லேன். அவர்களுக்கு யார் சொன்னோம்? தேர்வுக்கு வராத எதையும் நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை.

வெளிநாடு ஏன்? பினாங்கு ஆற்றின் வெள்ளம் அடிக்கடி எட்டிப்பார்க்கும் சாலைகளுள் பி. ரம்லி சாலையும் ஒன்று. அச்சாலையில்தான் 1929இல் அக்கலைஞர் பிறந்த மரவீடு இருக்கிறது. இப்போது அது காட்சியகம். தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளது. கம்பத்து வீட்டைக் கட்டிய பழைய மலாய்த் தச்சன் தரையைத் தூண்மேல் உயர்த்திக் கட்டினான். நீர் வரும் என்று அவனுக்குத் தெரியும். வந்தால் கீழே போகட்டும் என்று வழிவிட்டான். பின்வந்த நாம் சிமெண்டுத் தரையைத் தெருவோடு தெருவாக்கி, அதன்மேல் இரும்பு அலமாரியை நிறுத்தினோம்.

நம் நிலை என்ன? மலேசியாவில் தமிழ்க்கல்வியின் 200 ஆண்டுகளை 2016இல் கொண்டாடினோம். 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தோன்றிய தமிழ் வகுப்பே அதன் தொடக்கம். அந்தத் தொடக்கத்தை நாம் அறிந்தது ஆங்கிலேயர் எழுதிவைத்த குறிப்புகளால். 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கை நேச’னை இன்று நாம் படிக்க முடிகிறதென்றால், அது இலண்டனில் காக்கப்பட்ட படிகளின் தயவு. நம்மை ஆண்டவன் நம் எழுத்தைப் பூட்டிக் காத்தான். நாம் சாவியைத் தொலைத்தோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆயினும் பொய்யன்று. கடாரத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் பழஞ்சண்டி ஒன்று வீட்டு மனைக்காக இடித்துத் தள்ளப்பட்டது 2013இல் வெளியானபோது நாம் எழுப்பிய குரல் நியாயமானது. மேடை மேடையாக முழங்கினோம். அந்தக் கட்டடத்தை இடித்தவனைக் கேட்ட நாவு, தன் இயக்கத்தின் அலமாரியைப் பற்றி ஏன் பேசவில்லை?

நண்பர்கள் சினம் கொள்ள வேண்டா. இந்தக் குற்றச்சாட்டிலிருந்து எழுத்தாளர் இயக்கங்களையும் நான் விலக்கவில்லை. இத்தொகுப்பில் எழுதும் என்னையும் விலக்கவில்லை. ஆண்டுதோறும் நூல் வெளியீடு நடத்துகிறோம். மாலைக்கும் பொன்னாடைக்கும் விருந்துக்கும் ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு போதும், ஒரு மாடியறையில் நான்கு தட்டும், பூட்டும், படியெடுக்கும் கருவியும் வைக்க. கைப்பேசியிலேயே பக்கத்தைப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமிக்கும் காலம் இது. எழுபதாண்டுப் பதிவேட்டைப் படமெடுக்க நான்கு மாணவர்க்கு ஒரு விடுமுறை வாரம் தேவை. மூலத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்திற்கோ, மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கோ கொடுத்துவைக்க முயலலாம். ‘கொடுத்தால் நம் உரிமை போய்விடும்’ என்று அஞ்சும் செயலாளர்களைக் கண்டிருக்கிறேன். சேற்றுக்குக் கொடுத்தபோது அந்த உரிமை எங்கே போயிற்றோ, தெரியவில்லை.

‘ஆட்சியாளர் செய்யவேண்டிய வேலை இது’ என்பர் சிலர். ஆற்றை ஆழப்படுத்துவதும் மலையைக் காப்பதும் ஆட்சியாளர் வேலை. அதை அவர்களிடம் உரத்துக் கேட்போம், வாக்குப் பெட்டியிலும் கேட்போம். ஆனால் கீழ்த்தட்டில் உள்ளதை மேல்தட்டுக்கு மாற்ற எந்த அமைச்சின் ஒப்புதலும் வேண்டியதில்லை.

அந்த மூதாட்டியின் தம்பி பெயரை நாங்கள் தேடினோம். சேர்க்கைப் பதிவேட்டில் உரிய ஆண்டின் பக்கங்கள் ஆறும் ஒட்டிப்போயிருந்தன. ஒரு மூலையை மெல்லப் பிரித்ததில் ‘தகப்பனார் பெயர்’ என்னும் தலைப்பும் அதன்கீழ் நீலக் கறையும் தெரிந்தன. அதைப் படமெடுத்து அவரிடம் கொடுத்தோம். அவர் அதை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார்.

அண்மையில் அக்கட்டடத்திற்கு மீண்டும் ஒருமுறை செல்ல நேர்ந்தது. சுவருக்குப் புதிய வண்ணம் பூசியிருக்கிறார்கள். தண்ணீர் நின்ற கோடு தெரியவில்லை. அலமாரியும் புதியது, கண்ணாடிக் கதவு வைத்தது. மேல்தட்டில் பழைய கிண்ணங்களோடு புதியன மூன்று சேர்ந்திருந்தன. கீழ்த்தட்டில் 2017க்குப் பிந்திய கூட்டக் குறிப்பேடுகளை அடுக்கியிருந்தார்கள். சாவி யாரிடம் என்று கேட்டேன். தலைவர் ஊரில் இல்லை என்றார்கள்.